கேம் படிப்பில் சேருமுன் நான்கு கேள்விகள்

“கேம் டெவலப்மென்ட்டில் மேற்படிப்பு படிக்கப்போகிறேன்” என்று பட்டம் முடித்த பிள்ளை சொன்னால், பெற்றோர் பயப்படத் தேவையில்லை. ஜெனோவா சென் என்ற மாணவர் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் முதுநிலை ஆய்வேட்டுக்காகச் செய்த ‘ஃப்ளோ’ என்ற கேம், 2007-இல் பிளேஸ்டேஷன் 3-இல் வெளிவந்தது. இங்கேயும் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் கேம் வடிவமைப்புக்கு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. படிப்பு நல்லதுதான். பணம் கட்டும் இடத்தில்தான் கவனம் வேண்டும். சில இடங்களில் வாய்வார்த்தை தாராளமாக வரும், தாளில் ஒரு வரிகூட வராது. ஆகவே கீழே உள்ள நான்கு கேள்விகளுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

1. பட்டம் தருவது யார்?

பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் 1956-இன் 22-ஆம் பிரிவுப்படி பட்டம் வழங்கும் உரிமை மூன்று வகை அமைப்புகளுக்கே உண்டு: மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகங்கள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், நாடாளுமன்றம் அதிகாரம் கொடுத்த நிறுவனங்கள். தனியார் பயிற்சி மையம் சான்றிதழோ டிப்ளமாவோ தரலாம், அதில் தவறில்லை. ஆனால் அதற்கு ‘மாஸ்டர்ஸ்’ என்று பெயர் வைத்தாலும் அது முதுநிலைப் பட்டம் ஆகாது. பட்டம் கேட்கும் அரசு வேலைக்கோ ஆராய்ச்சிப் படிப்புக்கோ அது உதவாது. ‘பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது’ என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தையே கேட்டு உறுதிசெய்யுங்கள்.

2. எந்த வேலைக்குத் தயார் செய்கிறார்கள்?

‘நூறு சதவீத வேலை’ என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாத துறை இது. 2024 ஜனவரியில் மட்டும் யூனிட்டி சுமார் 1,800 பேரையும், மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரையும் குறைப்பதாக அறிவித்தன. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் கேம்களை 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் தடை செய்துவிட்டதால், அவற்றை நடத்திய நிறுவனங்களை நம்பிய வேலைகளும் ஆட்டம் கண்டன. எனவே, முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், எந்த கேமில் அவர்கள் பெயர் வந்திருக்கிறது என்று கேளுங்கள். மென்பொருளுக்குத் தனிக் கட்டணம் கேட்டால் காரணம் கேளுங்கள். கோடோ, பிளெண்டர் இரண்டும் முற்றிலும் இலவசம். அன்ரியல் எஞ்சினையும் கற்பதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

3. தவணையா, கடனா?

‘மாதத் தவணை’ என்று சொல்லி நீட்டும் படிவம் பல நேரம் நிதி நிறுவனத்தின் கடன் ஒப்பந்தமாக இருக்கும். பாதியில் படிப்பை விட்டாலும் கடன் விடாது. வட்டி, மொத்தச் செலவு எல்லாம் அடங்கிய முக்கிய விவரத் தாளைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. செயலி வழியாக வாங்கிய கடனிலிருந்து அபராதமின்றி விலகச் சிறு அவகாசமும் உண்டு. அது எத்தனை நாள் என்று கையெழுத்துக்கு முன்பே பாருங்கள். கடன் கொடுத்தவர் மீது புகார் செய்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448.

4. நான் செய்யும் கேம் யாருக்குச் சொந்தம்?

பலர் கேட்க மறக்கும் கேள்வி இது. பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி படைத்தவரே முதல் உரிமையாளர். சம்பளத்துக்குச் செய்தால்தான் பொதுவாக அது முதலாளிக்குப் போகும். மாணவர் சம்பள ஊழியர் அல்ல. உரிமையை மாற்றித் தர எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். சேர்க்கைப் படிவத்தின் சிறிய எழுத்தில் அந்த வரி ஒளிந்திருக்கலாம். படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

ஏமாந்துவிட்டால்?

கல்லூரி, பல்கலைக்கழகம் என்றால் முதலில் அங்குள்ள மாணவர் குறைதீர் குழு, பிறகு பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளர். மானியக் குழுவின் 2018 விதிப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் முழுக் கட்டணமும் திரும்பி வர வேண்டும். அதில் நடைமுறைச் செலவாக அதிகபட்சம் 5,000 ரூபாய்தான் கழிக்கலாம். அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது. கடைசித் தேதி போய் 30 நாளும் தாண்டினால் எதுவும் கிடைக்காது. ஆகவே தயங்கி நாள் கடத்தாதீர்கள்.

தனியார் பயிற்சி மையம் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும்.

அங்கே பேசப்போவது ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், மின்னஞ்சல் ஆகியவைதான். இந்த நான்கு கேள்விகளையும் இன்றே மின்னஞ்சலில் அனுப்புங்கள். பதில் வந்தால் பத்திரப்படுத்துங்கள். வராவிட்டால், பணம் கையில் இருக்கும்போதே உண்மை தெரிந்துவிட்டது.