செஞ்சி மலை சொல்லும் நீர்க்கணக்கு



செஞ்சிக் கோட்டையை முகலாயப் படை 1690-ம் ஆண்டில் முற்றுகை போட ஆரம்பித்தது. கோட்டை விழுந்தது 1698-ல். சிவாஜியின் மகன் ராஜாராம் உள்ளே இருந்துகொண்டு அத்தனை வருஷம் தாக்குப் பிடித்தார். இந்தக் கதையை நம்ம ஊர்ப் பிள்ளைகள்கூடச் சொல்லும். ஆனால் விவசாயி கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று இருக்கிறது. அத்தனை சனத்துக்கும் குதிரைக்கும் தண்ணீர் எங்கே இருந்து வந்தது?

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் மூன்றுமே பாறைக் குன்றுகள். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். அதன் உச்சிக்கு ஆறு ஏறி வராது. வானத்திலிருந்து விழுந்த மழைதான் அங்கே தண்ணீர். மழை மலை மேலே விழுகிறது, பாறை இடுக்கிலும் சுனையிலும் கொஞ்சம் நிற்கிறது, மிச்சம் கீழே இறங்குகிறது. அப்படி இறங்கும் தண்ணீர் வந்து சேரும் அடிவாரத்தில் செட்டிக்குளம், சக்கரக்குளம் என்று குளங்கள் இருக்கின்றன. கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாய் வைத்துத் தண்ணீர் கொண்டுபோன அடையாளத்தை இன்றைக்கும் பார்க்கலாம். 2025-ல் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பிறகு வெளியூர்க்காரர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். மதிலையும் களஞ்சியத்தையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நம்ம பார்க்க வேண்டியது அந்தக் குளங்களை. கட்டினவர்கள் மழை இறங்குகிற வழியை முதலில் கவனித்திருக்கிறார்கள், அப்புறம் அந்த வழியிலேயே தண்ணீருக்குப் படிப்படியாகத் தங்கல் போட்டிருக்கிறார்கள்.

இப்போது நம்ம நிலத்துக்கு வருவோம். விழுப்புரம் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பழைய கணக்கில் 40 அங்குலம். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் மழை பெய்தால் அது ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். ஆக ஒரு வருஷத்தில் உங்கள் ஒவ்வொரு ஏக்கர் மீதும் 40 லட்சம் லிட்டர் வந்து விழுகிறது. மல்லாட்டைக்கு ஒரு போகத்துக்கு 20 அங்குலம் இருந்தால் போதும். கணக்குப்படி பார்த்தால் நமக்குப் பஞ்சமே வரக்கூடாது. ஆனாலும் பங்குனி, சித்திரையில் கிணறு காய்கிறது, போர் போட்டவர் மேலும் நூறு அடி இறக்கலாமா என்று யோசிக்கிறார்.

காரணம், மழை நாம் கேட்கிற நேரத்தில் வருவதில்லை. ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கிறது. 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். வருஷத்து மழையில் பாதி! அதில் நம்ம நிலம் குடித்தது எவ்வளவு? மிச்சமெல்லாம் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடைக்குப் போனது, ஓடையிலிருந்து சங்கராபரணிக்குப் போனது, அங்கிருந்து புதுச்சேரிப் பக்கம் கடலுக்குப் போய்விட்டது.

அதே மழை ஒரு காட்டில் பெய்தால் என்ன ஆகும்? நம்ம பக்கத்துக் காட்டுக்கு உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர். மரக்காணம் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலுக்குப் போனவர்கள் அந்தக் கோயில் காட்டைப் பார்த்திருப்பீர்கள். வீரை, பாலை, காட்டு எலுமிச்சை, காசான் என்று நெருங்கி நிற்கும். வெயில் காலத்திலும் மொத்தமாக இலை உதிர்த்து மொட்டையாக நிற்காது. இலை சின்னது, தடித்தது, பளபளப்பானது. தண்ணீரை வீணாக வெளியே விடாது.

கனமழையில் பெரிய துளி ஒன்று விநாடிக்கு 30 அடி வேகத்தில் இறங்குகிறது. காட்டில் அது முதலில் மரத்து இலையில் அடிபடும், அப்புறம் செடியில், கொடியில், கடைசியில் தரையில் கிடக்கும் சருகில். மண்ணைத் தொடும்போது அதற்கு வேகம் கிடையாது. சருகுக்கு அடியில் மண்புழுவும் கரையானும் போட்ட ஓட்டைகள், செத்த வேர் விட்டுப்போன பொந்துகள். தண்ணீர் அந்த வழியாக உள்ளே இறங்கிவிடும்.

நம்ம செம்மண் நிலத்தில் நடப்பது நேர்மாறு. அறுவடை முடிந்து வெட்டவெளியாகக் கிடக்கிற மண்ணில் துளி நேராக விழுந்து கட்டியை உடைக்கிறது. பொடி மண் துவாரத்தை அடைத்துக்கொள்கிறது. வெயில் பட்டதும் மேலே ஓடு மாதிரி இறுகிப் போகிறது. விதைத்த மல்லாட்டை முளைக்க முடியாமல் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். முளையே வெளியே வர முடியாத அந்த ஓட்டுக்குள் தண்ணீர் மட்டும் எப்படி இறங்கும்?

பண்ணைக் குட்டை வெட்டலாமே என்று கேட்பீர்கள். வெட்டுங்கள், நல்லதுதான். ஆனால் ஒரு கணக்கு பாருங்கள். 30 அடிக்கு 30 அடி, ஆழம் 6 அடி என்று வெட்டினால் ஒன்றரை லட்சம் லிட்டர் பிடிக்கும்; பக்கத்தைச் சரிவாக வெட்டினால் அதுவும் குறையும். இரண்டு சென்ட் நிலம் அதற்குப் போய்விடும். செம்மண்ணோ ஓர் அடி ஆழத்துக்குச் சுமார் ஓர் அங்குலத் தண்ணீரைப் பயிருக்கென்று பிடித்து வைக்கும். மூன்று அடி ஆழம் நனைந்தால் ஏக்கருக்கு மூன்று லட்சம் லிட்டர். குட்டையைப் போல இரண்டு மடங்கு, அதுவும் ஒரு சென்ட்கூட விட்டுக் கொடுக்காமல். நம்ம கையில் இருக்கிற பெரிய ஏரி மண்தான். அதன் வாயைத்தான் அடைத்து வைத்திருக்கிறோம்.

வாயைத் திறக்க முதல் வேலை கோடை உழவு. சித்திரையில் ஒரு மழை கிடைத்ததும் சரிவுக்குக் குறுக்கே உழுங்கள். டிராக்டர்காரர் திரும்புவதற்கு வசதி என்று மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓட்டுவார். விடாதீர்கள்! அப்படி உழுத ஒவ்வொரு சாலும் தண்ணீருக்கு வெட்டிக் கொடுத்த வாய்க்கால். குறுக்கே உழுதால் ஒவ்வொரு சாலும் ஒரு சின்ன வரப்பு. கடைசி உழவில் ஏக்கருக்கு 5 டன் நன்றாக மக்கிய தொழு உரம் போடுங்கள். மக்கிய தென்னை நார்க் கழிவு கிடைத்தால் அதுவும் ஆகும். மேல்மண் இறுகுவதை இது தடுக்கும்.

அடுத்தது மூடாக்கு. இதைச் சொன்னால் கிராமத்தில் உடனே ஒரு கேள்வி வரும்: “மல்லாட்டைக் கொடி மாட்டுக்குத் தீனிங்க, அதைப் போய் மண்ணுல போடச் சொல்றீங்களே?” கேள்வி சரிதான். கொடியை மாட்டுக்கே கொடுங்கள். கரும்பு வைத்தவர்கள் சோகையைக் கொளுத்துகிறீர்களே, அது என்ன பாவம் செய்தது? அதை வரிசைக்கு இடையில் பரப்பலாம். கரும்பு இல்லாதவர்களுக்குக் கிளைரிசிடியா தழை, புங்கன் தழை, எருக்கு, ஆவாரை இருக்கிறது. காய்ந்த சோகை போட்டால் கரையான் வரும் என்ற பயமும் உண்டு. மண்ணில் ஈரம் இருக்கும்போது பரப்பினால் கரையான் தொல்லை குறையும், சோகையும் சீக்கிரம் மக்கும்.

காட்டில் எல்லா வேரும் ஒரே ஆழத்தில் போவதில்லை. அந்த ஏற்பாட்டை நாமும் செய்யலாம். மானாவாரி மல்லாட்டையில் ஆறு வரிக்கு ஒரு வரி துவரை போடுங்கள். மல்லாட்டை மேல்மண்ணில் பிழைத்துக்கொள்ளும். துவரை வேர் ஆழத்துக்கு இறங்கி, மல்லாட்டைக்கு எட்டாத ஈரத்தை எடுக்கும். ஆணிவேர் மக்கின பிறகு அது போன வழி அடுத்த மழைக்குப் பாதை. மல்லாட்டையைப் பிடுங்கிய பிறகும் துவரை நிற்பதால், ஐப்பசி மழை வரும்போது நிலம் முழுக்க மொட்டையாக இருக்காது.

வரப்பில் மரம் வைப்பதற்கு நிறையப் பேர் தயங்குகிறார்கள், நிழல் அடிக்கும் என்று. வடக்கு வரப்பில் வையுங்கள். ஐப்பசி முதல் தை வரை சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நிழல் வெளிப்பக்கம் விழும். பக்கத்து நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைப்பது நல்லது! வேம்பு, புங்கன், கிளைரிசிடியா போதும். இயற்கையாக வளர்கிறது என்பதற்காகச் சீமைக் கருவேலத்தை விட்டு வைக்காதீர்கள். அதை இங்கே கொண்டு வந்தது மனுஷன்தான். ஏரிக்குள் புகுந்தால் வேறு எதையும் எழும்ப விடாது.

இதெல்லாம் பலிக்குமா என்று கேட்பவர்கள் ஒரு நாள் ஆரோவில் போய்ப் பாருங்கள். 1968-ல் அது தொடங்கியபோது அந்த மேடு மழையில் அரித்து ஓடை ஓடையாகப் பிளந்த செம்மண் பொட்டல். முதலில் வரப்புப் போட்டு மழையை நிறுத்தினார்கள். பிறகு வறட்சி தாங்கும் மரங்களை வைத்தார்கள். அவற்றின் நிழலில்தான் வீரை, காசான் போன்ற நம்ம பக்கத்து மரங்கள் எழுந்தன. அந்த வரிசையைக் கவனியுங்கள். தண்ணீரை நிறுத்தாமல் கன்று நட்டால் வெயிலுக்குத்தான் தீனி.

ஒரு சோதனை சொல்கிறேன், காசு செலவில்லை. அடுத்த நல்ல மழை பெய்து ஒரு நாள் கழித்து மண்வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். வெட்டவெளியில் ஒரு குழி, வேப்ப மரத்துச் சருகுக்கு அடியில் ஒரு குழி. இரண்டிலும் ஈரம் எத்தனை விரற்கடை இறங்கியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். அடுத்த வருஷம் மூடாக்குப் போட்ட இடத்தில் மூன்றாவது குழி வெட்டுங்கள். அளவைக் குறித்து வைத்து, உங்கள் பக்கம் வேளாண்மை அலுவலர் வரும்போது காட்டுங்கள்.