லண்டன்: ஒரு பற்று வரவுக் கணக்கு

ஆபீசில் யாருக்காவது 'லண்டன் சான்ஸ்' அடித்தால் கவனித்திருப்பீர்கள். மூன்று வார டிரெய்னிங்தான். ஆனால், விசா கைக்கு வருவதற்குள் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனிலிருந்து கேன்டீன் வரை ஆளாளுக்கு ஒரு லிஸ்ட் கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். "அந்த ராட்சச ராட்டினத்துல ஏறாம வந்துடாதே." "மெழுகு பொம்மைங்க இருக்காமே, பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கோ." சொல்கிறவர் செங்கல்பட்டைத் தாண்டியிருக்க மாட்டார். அதனாலேயே அவர் குரலில் ஓர் அசாத்திய உறுதி இருக்கும்.

நான் இரண்டு முறை போய்வந்தவன். முதல் முறை ஒரு கம்பெனி செலவில். இரண்டாம் முறை சொந்தச் செலவில். சொந்தக் காசில் போகும்போதுதான் ஊர் சரியாகக் கண்ணுக்குத் தெரிகிறது. பி.காம். புத்தி, எதையும் பற்று, வரவு என்று இரண்டு பத்தியாகப் பிரித்துப் போட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். லண்டனையும் அப்படித்தான் போட்டு வைத்திருக்கிறேன். உங்களுக்கு இரண்டு சனி, ஞாயிறு லீவு கிடைத்தால் போதும்.

முதல் விதி: பெருக்காதீர்கள்! ஒரு பவுண்டு நூறு ரூபாய்க்கு மேல். ஒரு காபி விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் மாம்பலத்தில் ஒரு குடும்பமே டிபன் சாப்பிட்டுவிடும். பெருக்கிக்கொண்டே நடக்கிறவர் ஓட்டல் ரூமை விட்டு வெளியே வரமாட்டார். ஊரிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சலோடு டி.வி. பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். இதில் வேடிக்கை என்னவென்றால், லண்டனில் பார்க்க வேண்டியவற்றில் பாதிக்கு மேல் இலவசம்!

நிஜமாகத்தான். பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் காலரி, சயன்ஸ் மியூசியம், விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம், டேட் மாடர்ன்... நிரந்தரக் காட்சிகளுக்கு டிக்கெட்டே கிடையாது. வாசலில் நன்கொடை உண்டியல் இருக்கும். மனசாட்சியின் பருமனைப் பொறுத்துப் போடலாம்.

முதல் நாள்: பிரிட்டிஷ் மியூசியம்

1753ல் ஆரம்பித்து, 1759ல் ஜனங்களுக்குத் திறந்துவிட்ட மியூசியம். உள்ளே போனதும் எல்லோரும் ஓடுவது ரொசெட்டா கல்லுக்கு. 1799ல் எகிப்தில் கிடைத்த கருங்கல். ஒரே அரசாணையை மூன்று எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். அதை வைத்துத்தான் எகிப்தியப் பட எழுத்துக்களைப் படிக்கவே கற்றுக்கொண்டார்கள். கல்லைச் சுற்றி நாலு வரிசை ஜனம் நிற்கும். கல்லை விட முதுகுகளை அதிகம் பார்ப்பீர்கள்.

அதை முடித்துவிட்டு ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு கண்ணாடி அறைக்குப் போங்கள். 33ஏ. அமராவதிச் சிற்பங்கள். கிருஷ்ணா நதிக்கரை மகா ஸ்தூபியிலிருந்து வந்த நூற்றுக்கும் மேற்பட்ட சலவைக்கல் போன்ற பலகைகள். யானை, தாமரை, புத்தர் பாதம், நசுங்கி நிற்கும் கூட்டம் என்று கல்லில் ஒரு ஊரே இருக்கிறது. 1845ல் வால்டர் எலியட் என்ற அதிகாரி தோண்டியெடுத்து மெட்ராசுக்கு அனுப்பினார். இங்கே வருஷக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் சும்மா கிடந்தது. 1859ல் கப்பலேற்றி லண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சத்தில் ஒரு பெரிய பங்கு எங்கே இருக்கிறது தெரியுமா? நம்ம எழும்பூர் மியூசியத்தில்! பாந்தியன் ரோட்டில் பஸ்ஸில் எத்தனை தடவை அதைத் தாண்டிப் போயிருப்போம்?

இதைப் பற்று என்று எழுதுவதா, வரவு என்று எழுதுவதா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 'எங்க சொத்து' என்று கோபம் வரத்தான் செய்கிறது. அந்தக் கோபத்தை முழுசாகப் படுவதற்கு முன் எழும்பூருக்கு ஒரு தடவையாவது போயிருக்க வேண்டும் என்றும் தோன்றுகிறது. அதனால் லண்டன் புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு எழும்பூர் போய்விட்டு, பிறகு அங்கே பாருங்கள். ஒரே கதையின் இரண்டு பாதியையும் படித்தவராகிவிடுவீர்கள். சில நாள் அந்த அறை பூட்டியிருக்கும். முன்கூட்டி விசாரித்துக்கொள்வது நல்லது.

வெளியே வந்து பத்து நிமிஷம் நடந்தால் ரஸல் ஸ்கொயர் பக்கம் ஒரு காலேஜ் வளாகம். அங்கே புல்வெளியில் திருவள்ளுவர் சிலையாக இருக்கிறார். குளிரில் அவரைப் பார்த்தால் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கும். ஒரு வணக்கம் போட்டுவிட்டு நகருங்கள்.

இரண்டாம் நாள்: நதிக்கரை நடை

வெஸ்ட்மின்ஸ்டர் ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்தால் தலைக்கு மேல் பிக் பென். நியாயமாகப் பார்த்தால், பிக் பென் என்பது உள்ளே தொங்கும் மணியின் பெயர். 13 டன்னுக்கு மேல் எடை. கோபுரத்துக்கு 2012லிருந்து எலிசபெத் டவர் என்று பெயர். இதை ஆபீசில் சொல்லித் திருத்தாதீர்கள். யாருக்கும் பிடிக்காது.

எதிரே வெஸ்ட்மின்ஸ்டர் அபே. நியூட்டனும் டார்வினும் உள்ளே உறங்குகிறார்கள். டிக்கெட் விலை அதிகம். ஆனால், சாயங்காலப் பாட்டு வழிபாட்டுக்குப் போனால் காசு வாங்குவதில்லை. சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், உட்கார்ந்து கேட்கலாம். அந்தப் பழைய கல் மண்டபத்தில் பாட்டு எழும்பி மேலே போவதைக் கேட்க எந்த மதமும் தேவையில்லை. மரியாதையாக உட்கார்ந்தால் போதும்.

அங்கிருந்து நதியை ஒட்டிக் கிழக்கே நடங்கள். ராட்டினம் வரும். 135 மீட்டர் உயரம். ஏற ஆசையிருந்தால் ஏறுங்கள். உயரத்திலிருந்து ஊரைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் ஃபென்சர்ச் தெருவில் ஒரு கட்டடத்தின் உச்சியில் 'ஸ்கை கார்டன்' இருக்கிறது. முன்பதிவு செய்தால் இலவசம். இந்தக் கட்டடத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. வளைந்த கண்ணாடிச் சுவரில் பட்ட வெயில் குவிந்து, 2013ல் கீழே நிறுத்தியிருந்த ஒரு காரின் பாகங்களை உருக்கிவிட்டது. லண்டன் வெயில், ஸார்! மெட்ராஸ் வெயிலாக இருந்தால் தெருவே உருகியிருக்கும்.

கடைசியில் டவர் பிரிட்ஜ். 1894ல் திறந்தது. நாம் காலண்டரில் பார்த்து 'லண்டன் பிரிட்ஜ்' என்று நினைத்துக்கொண்டிருப்பது இதைத்தான். நிஜ லண்டன் பிரிட்ஜ் பக்கத்தில் ரொம்ப சாதாரணமாக நிற்கும். அதற்கு முன்னால் அங்கே இருந்த பாலத்தை 1968ல் ஓர் அமெரிக்கருக்கு விற்றுவிட்டார்கள்! 24 லட்சத்து 60 ஆயிரம் டாலர். கல் கல்லாகப் பிரித்து, நம்பர் போட்டு, அரிஸோனாவில் கொண்டுபோய்க் கட்டினார்கள். பழைய பாலத்துக்கும் ஸ்கிராப் வேல்யூ பார்த்த ஜாதி. வியாபாரம் செய்ய வந்தவர்கள் நம்மை ஆண்டது எப்படி என்று புரிகிறதா?

பக்கத்திலேயே லண்டன் டவர். டிக்கெட் 30 பவுண்டுக்கு மேல். நான் காசு கொடுத்துப் பார்க்கச் சொல்லும் இரண்டே இடங்களில் இது ஒன்று. காரணம், கோஹினூர். 1849ல் சீக்கியப் போர் முடிந்தபோது சிறுவனாக இருந்த துலீப் சிங்கிடமிருந்து உடன்படிக்கை போட்டு வாங்கியது. வாங்கியது என்ற வார்த்தையை நீங்கள் எந்தத் தொனியில் வேண்டுமானாலும் படிக்கலாம். 1852ல் பட்டை தீட்டுகிறேன் என்று 186 காரட்டிலிருந்து 105.6 காரட்டாகக் குறைத்துவிட்டார்கள். காமர்ஸ் பாஷையில் தேய்மானம். முக்கியமான கிரீடங்களைத் தாண்டும் இடத்தில் தரையே நகரும். நின்று பார்க்க முடியாது. திருப்பதியில் 'ஜருகண்டி' சொல்ல ஆள் இருக்கிறார். இங்கே மெஷின். அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாம் நாள்: லார்ட்ஸும் புலியும்

காசு கொடுத்துப் பார்க்க வேண்டிய இரண்டாவது இடம், லார்ட்ஸ் மைதானம். மேட்ச் இல்லாத நாளில் கைடு வைத்துச் சுற்றிக் காட்டுகிறார்கள். ஆஷஸ் கோப்பை என்று உலகமே அடித்துக்கொள்கிறதே, அது உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கலசம். பெவிலியன் பால்கனி முன்னால் நிற்கும்போது 1983 ஜூன் 25 ஞாபகம் வராவிட்டால் நீங்கள் இந்தப் பத்திரிகையின் வாசகரே இல்லை. நாம் எடுத்தது வெறும் 183. அவர்கள் 140ல் சுருண்டார்கள். அன்று இரண்டு டீமிலும் அதிக ரன் யாருடையது? நம்ம ஸ்ரீகாந்த், 38!

மத்தியானம் சவுத் கென்சிங்டன் போய் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் திப்புவின் புலியைப் பாருங்கள். ஏறக்குறைய நிஜ அளவில் மரப்புலி ஒன்று ஒரு வெள்ளைக்காரனின் கழுத்தைக் கவ்வியிருக்கும். உள்ளே சின்ன ஆர்கன். கைப்பிடியைத் திருப்பினால் அவன் முனகுவான், புலி உறுமும். 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். தங்களைக் கடிக்கிற பொம்மையை இவர்களே பத்திரமாகத் துடைத்து வைத்திருக்கிறார்கள்! காட்சி அறைகளை அவ்வப்போது மாற்றுவார்கள். நுழைந்ததும் "புலி எங்கே?" என்று கேட்டுவிடுங்கள்.

சில்லறைக் குறிப்புகள்

பஸ்ஸில் பணம் வாங்கமாட்டார்கள். 2014லேயே நிறுத்தியாச்சு. கார்டு தட்டினால் போதும். முதல் தட்டலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் ஒரே டிக்கெட் காசுதான். மாடி பஸ்ஸில் மேலே முன் சீட் கிடைத்தால், டூர் பஸ்ஸுக்குத் தனியாகச் செலவு செய்யத் தேவையில்லை.

எஸ்கலேட்டரில் வலது பக்கம் நில்லுங்கள். இடது பக்கம் நடப்பவர்களுக்கு. மறித்து நின்றால் யாரும் திட்டமாட்டார்கள். பின்னால் நின்று பெருமூச்சு விடுவார்கள். அது திட்டை விட மோசம்.

டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். ஜூனில் ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம். அதற்கேற்ப பிளான் போடுங்கள்.

நாக்கு செத்துவிட்டதா? ஈஸ்ட்ஹாம் போங்கள். தமிழ் போர்டு, தோசைக்கல் வாசனை, "அண்ணா, சாம்பார் போடவா?" எல்லாம் உண்டு. கொஞ்சம் தள்ளி மேனர் பார்க்கில் முருகன் கோயிலும் இருக்கிறது.

இனி, எந்தப் பத்தியிலும் எழுத முடியாத ஓர் ஐட்டம். எம்பாங்க்மென்ட் ஸ்டேஷனில் நார்தர்ன் லைன், வடக்கே போகும் பிளாட்பாரத்தில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். 'மைண்ட் த கேப்' என்று ஒரு குரல் வரும். மற்ற இடங்களில் வரும் குரல் இல்லை இது. ஆஸ்வால்ட் லாரன்ஸ் என்ற நடிகர் பல வருஷம் முன்னால் பேசிப் பதிந்தது. 2007ல் அவர் இறந்துபோனார். அவர் மனைவி அவ்வப்போது அந்தப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து கணவர் குரலைக் கேட்டுவிட்டுப் போவாராம். 2012ல் புது சிஸ்டம் வந்து குரல் மாறிவிட்டது. அந்த அம்மாள் போய்க் கேட்டார். பதிவைத் தேடியெடுத்து அவருக்கு ஒரு பிரதி கொடுத்தார்கள். அதோடு விடவில்லை. 2013ல் அந்த ஒரு பிளாட்பாரத்துக்கு மட்டும் பழைய குரலையே திரும்ப வைத்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய ரயில்வேயில் இதற்கு ஒரு ஃபைல் நகர்ந்திருக்கிறது, யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பதுதான் ஆபீஸ்காரனான எனக்குப் பெரிய ஆச்சரியம். ரெண்டு ரயிலை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறுங்கள்.

திரும்பும்போது ஏர்போர்ட்டில் செலவழிக்கக் கொஞ்சம் பவுண்டு மிச்சம் வையுங்கள். அமராவதியைப் பற்றியும் புலியைப் பற்றியும் நீங்கள் எவ்வளவு ஆசையாகச் சொன்னாலும் ஆபீசில் முதல் கேள்வி ஒன்றுதான்:

"சாக்லேட் எங்கேப்பா?"