வானத்தில் ஏறிய "ஒன்றரை ஏரி" தண்ணீர்! கண்டுபிடித்தது எப்படி?

சென்னை,-

மழை மேகத்துக்கு மேலே, விமானம் பறக்கும் உயரத்துக்கும் மேலே, காற்றில் தண்ணீர் இருக்கிறதா?

"அங்கே ஏதுப்பா தண்ணீர்?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. நீராவியாக, தம்மாத்துண்டு இருக்கிறது. அந்தத் தம்மாத்துண்டு கூடினால், கீழே நமக்குச் சூடு கூடும். குறைந்தால் சூடு குறையும். அதனால்தான் விஞ்ஞானிகள் அதை விடாமல் துரத்தி அளக்கிறார்கள்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

மீனம்பாக்கம் பலூன்

மீனம்பாக்கத்தில் வானிலை இலாகா பலூன் விடுவது பலருக்குத் தெரியும். உலகம் முழுவதும் இதற்கு ஒரே நேரக் கணக்குதான். நம்ம ஊர் மணிக்கு காலை 5.30, மாலை 5.30.

பலூனுக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி தொங்கும். வெப்பம், ஈரம் எல்லாவற்றையும் அது ரேடியோ மூலம் சொல்லிக்கொண்டே போகும். சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் பலூன் வெடிக்கும். பெட்டி விழுந்துவிடும்.

ஈரத்தை அளக்க, பெட்டியில் மெல்லிய படலம் ஒன்று உண்டு. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். தாழ்வான காற்றில் நன்றாகவே வேலை செய்யும். மேலே போனால்தான் தகராறு!

சென்னைக்கு மேலே சுமார் 17 கிலோமீட்டரில் குளிர் மைனஸ் 80 டிகிரி. அந்தக் குளிரில் படலம் மந்தமாகிவிடும். வழியில் மேகத்தில் நனைந்திருந்தால் கேட்கவே வேண்டாம். காய்ந்த காற்றையும் "ஈரம்" என்று சொல்லிவிடும்.

குளிர் போட்ட வடிகட்டி

அந்த உயரத்துக்கு மேலே இருப்பது "ஸ்ட்ராடோஸ்பியர்" என்னும் மேல் வானம். அங்கே 10 லட்சம் பங்கு காற்றில் 4 அல்லது 5 பங்குதான் நீராவி.

இங்கிலாந்துக்கு மேலே விமானத்தில் கருவி கொண்டுபோய் இந்த வறட்சியை அளந்தவர் ஆலன் புரூவர். "இங்கிலாந்து வானத்தில் அவ்வளவு குளிர் இல்லையே! பிறகு காற்று எப்படிக் காய்ந்தது?" என்று யோசித்தார். 1949ல் விடை சொன்னார். பூமத்திய ரேகைப் பக்கம் மேலே ஏறும் காற்று, அங்குள்ள கடுங்குளிரில் தண்ணீரை உறைய விட்டுவிட்டு, பிறகுதான் மற்ற நாடுகளுக்குப் பரவுகிறது!

கண்ணாடி சொல்லும் கணக்கு

இந்த வறட்சியை அளக்க தனிக் கருவி உண்டு. குட்டிக் கண்ணாடி ஒன்றைக் குளிர வைப்பார்கள். அதில் உறைபனி படியும். பனி கூடாமல் குறையாமல் நிற்கும்போது கண்ணாடியின் குளிர் எவ்வளவு என்று பார்த்தால், நீராவி எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் பவுல்டர் நகரில் 1980 முதல் இதைப் பலூனில் அனுப்புகிறார்கள். பலூனின் தோலில் ஒட்டிய ஈரமே கணக்கைக் கெடுக்கும் என்பதால், இறங்கும்போது எடுக்கும் அளவைத்தான் பெரிதாக நம்புகிறார்கள்.

2000-ம் ஆண்டுக்குப் பிறகு மேல்வான நீராவி சுமார் 10 சதவீதம் குறைந்தது. அந்த 10 ஆண்டில் பூமி சூடாகும் வேகம் அதனால் சுமார் 25 சதவீதம் மட்டுப்பட்டது என்று 2010ல் சூசன் சாலமன் குழு கணக்குச் சொன்னது.

கடலுக்குள் வெடித்த எரிமலை

2022 ஜனவரி 15-ந்தேதி டோங்கா தீவு அருகே கடலடி எரிமலை வெடித்தது. 14½ கோடி டன் நீராவி மேல்வானத்தில் ஏறியது. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினால் பிடிப்பது 3,645 மில்லியன் கனஅடி. அந்தக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றரை ஏரித் தண்ணீர்!

"ப்பூ, இவ்வளவுதானா?" என்று சொல்லாதீர்கள். உலகம் முழுவதுக்கும் சேர்த்தே மேல்வானத்தில் இருந்தது சுமார் 14 ஏரித் தண்ணீர்தான். ஒரே நாளில் 10 சதவீதம் கூடிவிட்டது.

2004ல் ஏவப்பட்ட "ஆரா" செயற்கைக்கோள் இதைக் கண்டுபிடித்தது. நீராவி தானாக வெளியிடும் ரேடியோ அலையைப் பிடித்து அளக்கும் கருவி அதில் உண்டு. சாதாரண பலூன் பெட்டிகளுக்கே அந்த ஈரம் தெரிந்தது.

2023ல் உலகம் கொதித்தபோது, "டோங்காதான் காரணம்" என்று பேச்சு கிளம்பியது. ஆனால் அளந்த நீராவியையும் எரிமலைப் புகை மறைத்த வெயிலையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்ததில், எரிமலையின் பங்கு சிறிதுதான் என்று தெரிந்தது.

கண் மூடினால்?

அளவு இருந்ததால்தான் கம்ப்யூட்டர் அப்படிச் சொல்ல முடிந்தது. வானிலைக் கம்ப்யூட்டர்கள் பல, மேல்வானத்தில் பலூன் பெட்டி சொல்லும் ஈரக் கணக்கை நம்பாமல் ஒதுக்கிவிடுகின்றன.

"ஆரா" 20 வயதைத் தாண்டிய செயற்கைக்கோள். கருவி சீக்கிரம் தேய்ந்துவிடக் கூடாது என்று 2024ல், நீராவியை மாதத்தில் சில நாள் மட்டும் அளக்கத் தொடங்கினார்கள். கண்ணாடிப் பலூன் தொடர்ந்து பறக்கும் ஊர்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை.

இவை நின்றுபோனால், அடுத்த எரிமலை எத்தனை ஏரித் தண்ணீரைத் தூக்கியது என்பதற்கு கம்ப்யூட்டரின் ஊகம் மட்டும்தான் மிஞ்சும்.