ரேகை விழல, பெரியம்மா!

“ரேகை விழல, பெரியம்மா. நல்லாத் தொடைச்சிட்டு இன்னொருக்கா வைங்க.”

கம்பம் பள்ளத்தாக்கில் ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் இதைக் கேட்டிருப்பார்கள். பெரியம்மா விரலைச் சேலைத் தலைப்பில் துடைப்பார். அப்படியும் விழாவிட்டால், எண்ணெய் வைத்த தலைமுடியில் ஒரு தடவு தடவிவிட்டு மறுபடி அழுத்துவார். அது மூடப்பழக்கம் இல்லை, நல்ல இயற்பியல்.

கடையிலுள்ள கருவியின் கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒளி பாய்கிறது. விரல் படாத இடத்தில் அந்த ஒளி முழுவதும் எதிரொளித்துத் திரும்பும். ரேகையின் மேடு கண்ணாடியை ஒட்டும் இடத்தில் ஒளி தோலுக்குள் கசிந்துவிடும். அந்த இடம் கறுப்பாகப் பதியும். மேடு கறுப்பு, பள்ளம் வெள்ளை. ஆனால் காய்ந்த தோல் கண்ணாடியோடு சரியாக ஒட்டாது. இடையில் மயிரிழைக் காற்று இருந்தாலும் படம் வெளிறிப்போகும். அந்த இடைவெளியை நிரப்பத் துளி எண்ணெய்ப் பசை போதும். எண்ணெய் கூடினால் பள்ளமும் நிரம்பி எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும் என்பதும் உண்மை.

எண்ணெயாலும் சரியாகாத விரல்கள் உண்டு. விடிவதற்கு முன்பே கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களுக்குப் போகிற பெண்களின் விரல்கள் அவை. ஏலக்காய் உயரத்தில் காய்ப்பதில்லை. செடியின் தூரில், மண்ணை ஒட்டிப் படரும் சரத்தில்தான் காய்க்கிறது. நாள் முழுக்கக் குனிந்து, ஈர மண்ணுக்குள் விரல்விட்டுக் காய் எடுக்க வேண்டும். ரேகை மேடு ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு உயரம்தான். மண்ணும் ஈரமும் அதை அரம்போல் தேய்க்கின்றன. வயது ஏற ஏறத் தோல் மெலிந்து மேடும் தாழ்கிறது; சுருக்கங்கள் குறுக்கே கோடு கிழிக்கின்றன. அதிகம் உழைத்த கையைத்தான் கருவிக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

இத்தனைக்கும் ரேகை எளிதில் அழிவதன்று. தாயின் வயிற்றில் 10ஆவது வாரத்தை ஒட்டி உருவாகத் தொடங்கி, ஏறத்தாழ 17ஆவது வாரத்துக்குள் அதன் கோலம் முடிவாகிவிடுகிறது. விரல்நுனிச் சதைமேட்டின் நடு, நகத்தின் அடி, மூட்டு மடிப்பு ஆகிய மூன்று இடங்களிலிருந்து வரிகள் அலைபோலப் பரவி ஒன்றையொன்று சந்திக்கின்றன என்று எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் காட்டினார்கள். வரிக்குதிரையின் கோடுகளை விளக்கப் பயன்படும், ஆலன் டூரிங் தந்த அதே கணிதம்தான் இதிலும் வேலை செய்கிறது. அலைகள் எங்கே மோதுகின்றன என்பதில் தற்செயலுக்கும் பங்குண்டு. அதனால்தான் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்கும் ரேகை வேறுபடுகிறது. நம் ஊரில் சங்கு, சக்கரம் என்று சொல்லும் பெரிய வடிவங்கள் பலருக்கும் பொது. ஒருவரைப் பிறரிடமிருந்து பிரிப்பவை வரி எங்கே முடிகிறது, எங்கே கிளைக்கிறது என்ற நுண்புள்ளிகள்தாம்.

ரேகையால் ஆளை அறியும் நுட்பம் வளர்ந்த மண்ணும் நம்முடையதே. 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பத்துக்குப் பதிலாகக் கை அச்சை வாங்கினார். ரேகைகளை 1,024 அறைகளில் வகைபிரித்து அடுக்கும் முறைக்கு எட்வர்ட் ஹென்றியின் பெயர் நிலைத்துவிட்டது. அதற்கான கணக்கை உருவாக்கிய அஜிஜுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்ற இரு இந்திய அலுவலர்களைப் பலருக்கும் தெரியாது. 1897இல் கல்கத்தாவில் ரேகைப் பிரிவு தொடங்கியது.

தேனியிலிருந்து ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி உசிலம்பட்டிப் பக்கம் போனால் ‘ரேகை’ என்ற சொல்லின் கனமே வேறு. குற்றப் பரம்பரைச் சட்டத்தை அங்கே ‘ரேகைச் சட்டம்’ என்கிறார்கள். பிறமலைக் கள்ளர்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாகக் கருதி, ஆண்களின் விரல் ரேகையைப் பதிந்தது அரசு. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் ஒழிந்தது. அன்று ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றது ஊர். இன்று வைத்த ரேகை விழாமல் நிற்கிறார்கள் பெண்கள்.

இரண்டு இடத்திலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றல்ல. போலீஸ் கேட்டது, ‘இது யார்?’ அது அடையாளம் காண்பது. ரேஷன் கடைக் கருவி கேட்பது, ‘இவர் இந்த அட்டைக்காரர்தானா?’ அது சரிபார்ப்பது. பின்னது சுலபமான கேள்வி. ஆனாலும் கருவி ஆம், இல்லை என்று அறிந்து சொல்வதில்லை. இன்றைய படமும் ஆதாரில் பதிந்துள்ள படமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று மதிப்பெண் போடுகிறது. தேர்ச்சி மதிப்பெண்ணைக் குறைத்தால் வேறொருவர் உள்ளே நுழையலாம். கூட்டினால் உரியவரே வெளியே நிற்பார். எங்கே கோடு போடுவது என்று முடிவுசெய்வது மனிதர்கள்தாம். ‘ரேகை விழல’ என்கிற பேச்சிலோ குற்றம் பெரியம்மாவின் விரலுக்குப் போய்விடுகிறது. கருவியால் படிக்க முடியவில்லை என்பதுதானே நடந்தது? அப்படியே சொல்லிப் பழகலாம்.

ரேகை பதியாத காரணத்துக்காக எவருக்கும் பொருள் மறுக்கக் கூடாது என்று 2017 அக்டோபரிலேயே மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. ஆதாரில் பத்து விரல்களோடு இரு கருவிழிகளும் பதிவாகியுள்ளன. கண் பார்க்கும் கருவி இருந்தால் அதைக் கேட்கலாம். விரல்தான் வைக்க வேண்டுமென்றால், கட்டைவிரலையே திரும்பத் திரும்ப அழுத்த வேண்டியதில்லை. காய் எடுப்பில் அதிகம் தேயாத மோதிர விரலையோ மறு கையின் விரலையோ வைத்துப் பார்க்கலாம்.

தேய்ந்த ரேகை திரும்பவும் வரும். அதன் அச்சு மேல்தோலில் இல்லை, அடியில் இருக்கிறது. ஆழமாக வெட்டுப்பட்டுத் தழும்பானால் ஒழிய, சில வாரங்களில் புதிய தோல் அதே கோலத்தோடு மேலேறும். எனவே ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் நாளில் போக வேண்டாம். சீசன் ஓய்ந்து, பங்குனி சித்திரையில், கைக்கு மூன்று நான்கு வாரம் ஓய்வு கொடுத்து, தேங்காயெண்ணெய் தேய்த்து, கழுவித் துடைத்துவிட்டுப் போகலாம்.