புகையைக் கட்டுப்படுத்தும் கருவிகள்

கார்புரேட்டர் பொருத்திய பழைய அமெரிக்கச் சரக்குந்துகளில் மாசு மூன்று வழிகளில் வெளியேறியது: எந்திரத்தின் அடியறை, எரிபொருள் தொட்டி, புகைபோக்கிக் குழாய். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சூழ்ந்த புகைமூட்டத்திற்கு ஊர்திப் புகையும் காரணம் என்பதை 1950களின் தொடக்கத்தில் வேதியியல் அறிஞர் ஆரி ஹாகன்-ஸ்மிட் விளக்கினார். அதன்பின் ஒவ்வொரு வழிக்கும் ஒரு தடுப்பு உருவானது.

பிஸ்டன் வளையங்களைக் கடந்து அடியறைக்குள் கசியும் வாயுவைப் பி.சி.வி. வால்வு மீண்டும் எந்திரத்திற்குள் எரிவதற்கு அனுப்புகிறது. தொட்டியில் ஆவியாகும் பெட்ரோலைக் கரிக்குடுவை பிடித்து வைத்து, எந்திரம் இயங்கும்போது எரிதலுக்குத் தருகிறது. ஈ.ஜி.ஆர். வால்வு புகையின் ஒரு பகுதியை உள்ளே திருப்பி எரிவெப்பத்தைத் தணிப்பதால், நைட்ரஜன் ஆக்சைடுகள் குறைகின்றன.

ஆற்றல் கூடுமென எண்ணி இவற்றைக் கழற்றுவோர் உளர். ஆயின், பி.சி.வி. வழி அடைபட்டால் அடியறையில் அழுத்தம் மிகுந்து எண்ணெய் கசியும். எனவே, காற்றின் தூய்மைக்கெனப் பொருத்தியவை எந்திரத்தின் நலத்தோடும் பிணைந்தவை எனலாம்.