ஒயில் கறையும் கிணற்றடியும்

உழவு இயந்திரம், நீர் இறைக்கும் இயந்திரம், முச்சக்கர வண்டி என ஏதாவதொரு என்ஜின் இல்லாத ஒழுங்கை இன்று எமது கிராமங்களில் அரிது. சிறு திருத்த வேலைகளைப் பலர் வீட்டிலேயே செய்கின்றனர். வேலை முடிந்ததும் ஒயில் பட்ட சேட்டும் சாரமும் கிணற்றடிக்கு வந்துவிடும். அவற்றைத் தோய்ப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணே. எவ்வளவு கசக்கினாலும் கறை போகாது, சவர்க்காரந்தான் கரையும். முறை தெரிந்தால் இச்சிரமத்தைக் குறைக்கலாம்.

கறை பட்ட உடுப்பை எடுத்தவுடன் நீரில் அமிழ்த்தக் கூடாது. நீர் எண்ணெயைக் கரைப்பதில்லை. முதலில் தடிப்பாக உள்ள ஒயிலைக் கரண்டியால் வழித்து, பழந்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் கறை பரவும். பின்னர் அரிசி மாவையோ முகப் பவுடரையோ கறைமேல் தூவி அரை மணி நேரம் விட்டால், அது ஒயிலை உறிஞ்சும். அதைத் தட்டி அகற்றுக.

அடுத்து, நீர் சேர்க்காமல், பாத்திரம் கழுவும் திரவத்தைக் கறையின் இரு பக்கமும் பூசி, பழைய பற்தூரிகையால் மெதுவாகத் தேய்த்து, மேலும் அரை மணி நேரம் வைக்கவும். அதன் பின்பே துணி தாங்கக்கூடிய சுடுநீரில், மற்றைய உடுப்புகளுடன் சேர்க்காது தோய்க்க வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் பல கிணறுகளின் நீர் வன்னீர். அதில் சவர்க்காரம் நன்கு நுரைக்காது. அங்கு சலவைத் தூளோ சேமித்த மழைநீரோ கூடிய பயன் தரும்.

கறை முற்றாகப் போகும்வரை உடுப்பை வெயிலில் காயவிடவோ அயன் பண்ணவோ வேண்டாம். சூட்டில் கறை இறுகிவிடும். இன்னொரு முறை செய்வதே நல்லது. பாவித்த ஒயிலின் கருமை அதிலுள்ள புகைக்கரியால் வருவது. ஆகவே எண்ணெய் நீங்கிய பின்னும் சிறு நிழல் எஞ்சலாம்.

சிலர் பெற்றோலில் கழுவுகின்றனர். இது உயிராபத்தானது, ஒருபோதும் செய்யக் கூடாது. பிடிவாதமான கறைக்கு மண்ணெண்ணெய் பாவிப்போர், அடுப்புக்கும் விளக்குக்கும் தூரமாக, வெளியில் வைத்துச் சிறிதளவே தொட்டுத் துடைத்து, பின் இரு முறை தோய்த்து, மணம் போகும்வரை காற்றாட விட வேண்டும். மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் வைக்காதீர்கள், பிள்ளைகள் குடித்துவிடுவார்கள். பாவித்த ஒயில் நீண்டகாலம் தோலில் பட்டுவந்தால் தோல் புற்றுநோயும் வரலாம். எனவே ஒயில் ஊறிய உடுப்பை உடனே மாற்றுவது அவசியம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கிணறு. சுன்னாகத்தில் மின் நிலையப் பகுதியிலிருந்து கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்ததை நாம் மறக்க முடியாது. 2019 இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டோருக்கு 20 மில்லியன் ரூபா வரை நட்டஈடு வழங்கப் பணித்தது. ஆனால் கெட்ட நிலத்தடி நீரைப் பணத்தால் உடனே திருப்பிப் பெற முடியாது. நமது வளவில் சேர்வது சிறிதளவே எனினும், அதே நிலத்தின் நீரையே நாமும் அயலவரும் குடிக்கிறோம்.

ஆகவே ஒயில் உடுப்பைக் கிணற்றுக் கட்டில் தோய்க்காமல், தூரத்தில் வாளியில் தோய்ப்போம். ஒயிலை முதலிலேயே மாவிலும் துணியிலும் எடுத்துவிட்டால் கழுவுநீரில் சேர்வது மிகக் குறையும். என்ஜினிலிருந்து வடித்த ஒயிலை நிலத்தில் ஊற்றாது, மூடியுள்ள கானில் சேர்த்து, பழைய ஒயில் எடுக்கும் கராஜில் கொடுப்போம். உடுப்பைத் தோய்ப்பவரின் சுமையை, வேலை செய்தவரே அந்த முதல் அரை மணி நேரத்தில் குறைத்துவிடலாம்.