பிடிக்காத வேலையில் பிரசன்னம்

1640-ஆம் ஆண்டு, பாரிஸ் நகரின் வோஜிரார் தெருவில் இருந்த கார்மேல் மடத்துக்கு நிக்கோலா எர்மான் என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். லொரேன் பகுதியைச் சேர்ந்த ஏழை வீட்டுப் பிள்ளை. முப்பதாண்டுப் போரில் படைவீரராக இருந்தவர். ஒற்றன் என்று சந்தேகப்பட்டு ஒருமுறை அவரைத் தூக்கில் போடவே பார்த்தார்கள், தப்பித்தார். பிறகு பட்ட காயத்தால் வாழ்நாள் முழுக்க நொண்டித்தான் நடந்தார். படையை விட்டு வந்தபின் ஒரு கனவான் வீட்டில் ஏவலாளாக இருந்தார். தொட்டதையெல்லாம் போட்டு உடைக்கிற ஆள் என்று தம்மைப் பற்றிப் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். படிப்பு இல்லாததால் குருத்துவத்துக்கு வழியில்லை. துறவறச் சகோதரராகச் சேர்த்துக்கொண்டு, உயிர்ப்பின் லாரன்ஸ் என்று பெயர் கொடுத்து, சமையலறைக்கு அனுப்பினார்கள்.

சமையல் அவருக்குப் பிடிக்காது.

இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மறையுரைகளிலும் தியானங்களிலும் நாம் கேட்டுப் பழகிய சகோதரர் லாரன்ஸ், அடுப்படியே சொர்க்கம் என்று சிரித்த முகத்தோடு பாத்திரம் கழுவுகிறவர். அவரோடு 1666-ஆம் ஆண்டு தொடங்கிப் பலமுறை உரையாடி எழுதி வைத்தவர் ஜோசப் தெ போஃபோர் என்ற குரு. சமையல் வேலையின்மேல் லாரன்ஸுக்கு இயல்பிலேயே பெரும் வெறுப்பு இருந்தது என்று அவர் தெளிவாகப் பதிவு செய்திருக்கிறார். அந்த வெறுப்போடுதான் அந்த மனிதர் ஏறத்தாழ 15 ஆண்டுகள் அடுப்பின் முன் நின்றார். பிடித்த வேலையில் இறைவனைக் காண்பதற்குப் பெரிய பயிற்சி தேவையில்லை. தாமே தேர்ந்துகொள்ளாத வேலையில் ஆயுளைக் கழிக்கிறவர்களுக்கு லாரன்ஸ் சொல்வதற்கு ஏதோ இருக்கிறது என்று நான் நம்புவது இதனால்தான்.

மடத்துக்கு வேண்டிய திராட்சை மது வாங்கிவர அவரை பர்கண்டிக்கு அனுப்பினார்கள். வியாபாரம் பேச அவருக்கு வராது. படகில் நடக்கக் கால் ஒத்துழைக்காது. பீப்பாய்கள்மேல் உருண்டு உருண்டுதான் இடம் மாறுவார். இது ஆண்டவருடைய காரியம் என்று அவரிடமே சொல்லிவிட்டுக் கிளம்புவார். காரியம் எப்படியோ நடந்துவிடும் என்பது அவருடைய சாட்சியம்.

அடுப்படியிலும் அதே வழக்கம். வேலையில் கை வைக்கும் முன், கூட இருக்கும் இறைவனிடம் அருள் கேட்டு ஒரு சின்ன செபம். வேலை நடக்கும்போது இடையிடையே அவரோடு பேச்சு. முடிந்தபின், எப்படிச் செய்தோம் என்று ஒரு பார்வை. நன்றாக வந்திருந்தால் நன்றி சொல்வார். தவறியிருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மனம் உடையாமல் அடுத்த வேலைக்குப் போவார். வாணலியில் ஆம்லெட்டைத் திருப்பிப் போடுவதைக்கூட இறைவன்மேல் கொண்ட அன்புக்காகவே செய்வதாகச் சொன்னார். அதற்குப்பின் வேறு வேலை இல்லையென்றால் அங்கேயே தரையில் விழுந்து ஆராதித்துவிட்டு எழுவார். ஒரே நேரத்தில் நாலு பேர் நாலு விதமாகக் கேட்டுக்கொண்டு நிற்கும் சமையலறைச் சந்தடியிலும், நற்கருணைமுன் முழந்தாளிட்டிருக்கும்போது உள்ள அதே அமைதி தமக்கு இருப்பதாகப் பிற்காலத்தில் அவரால் சொல்ல முடிந்தது.

கடமையில் தவறும்போது அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. என்னை என் போக்கில் விட்டால் இப்படித்தான் செய்வேன், தடுக்க வேண்டியவர் நீர்தான் என்று ஆண்டவரிடம் சொல்லிவிடுவார். அதோடு சரி. அதையே நினைத்துப் புழுங்கிக்கொண்டிருக்க மாட்டார். நமக்கோ செபமாலையின் மூன்றாம் பத்தில் மனம் ரேஷன் கடைக்கோ பிள்ளையின் ஃபீஸுக்கோ ஓடிவிடுகிறது. ஓடியதைக் கூட்டிவராமல், ஓடிவிட்டதே என்று நொந்துகொள்வதிலேயே மீதி இரண்டு பத்தும் முடிந்துவிடுகின்றன. அந்த நோவுக்கு லாரன்ஸ் இடமே கொடுக்கவில்லை.

இந்தப் பக்குவம் வந்த உடனே கிடைத்ததல்ல. முதல் 10 ஆண்டுகள் மிகவும் வேதனைப்பட்டதாக ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். தாம் விரும்பிய அளவுக்கு இறைவனுக்கு உரியவராக இல்லையே என்ற அச்சம், பழைய பாவங்களின் நினைவு. படைப்புகளும் தம் அறிவும் கடவுளுமேகூடத் தமக்கு எதிராக நிற்பதுபோல் இருந்ததாம். சாகும்வரை இப்படியே இருந்தாலும் சரி என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் உள்ளே அமைதி இறங்கியது. கணக்குப் பார்த்தால், சமையலறை ஆண்டுகளில் பெரும்பகுதி அந்த இருட்டிலேயே போயிருக்க வேண்டும். செபித்தும் ஒன்றும் உணரவில்லையே என்று வருந்துகிறவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லாரன்ஸின் கதையைச் சொல்லி, அடுப்படிதான் உங்கள் கோயில் என்று வீட்டுப் பெண்களுக்குப் போதித்துவிட்டுச் சாப்பாட்டுக்கு உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். அது சரியல்ல. சுமை இலேசானது என்று லாரன்ஸ் யாரிடமும் சொல்லவில்லை. கால் மோசமாகி நிற்க முடியாமல் போனபோது, உட்கார்ந்து செய்யக்கூடிய செருப்புத் தைக்கும் வேலைக்கு மடத்தில் அவரை மாற்றினார்கள். அடுப்படியில் இறைவன் இருக்கிறார் என்பதற்காக அங்கே எப்போதும் ஒரே ஆள் நிற்க வேண்டும் என்று ஆகிவிடாது. பானை சட்டிகளுக்கு நடுவிலும் ஆண்டவர் நடமாடுகிறார் என்று தம் கன்னியருக்கு எழுதிய அவிலா தெரேசாதான் லாரன்ஸ் சேர்ந்த சபையைச் சீர்திருத்தியவர்; பெரிய மடத்தலைவி, அவரும் கரண்டி பிடித்தவர்.

போர்முனையில் இருந்த ஒருவருக்காக லாரன்ஸ் எழுதிய கடிதம் ஒன்று உண்டு. மனத்தை ஒரு கணம் இறைவனிடம் எழுப்பினால் போதும், கையில் வாளோடு நடக்கும்போதும் அது செபம்தான், அதனால் துணிவு குறையாது, கூடும் என்கிறார். போரைக் கண்டவர், அங்கே பட்ட காயத்தோடு நொண்டி நடந்தவர் சொல்கிற சொல் அது. நீண்ட செபம் சொல்ல அங்கே நேரமிருக்காது என்பது அவருக்குத் தெரியும்.

1691 பிப்ரவரி 12-ஆம் நாள் இறந்தார். மறு ஆண்டே போஃபோர் அவருடைய கடிதங்களை அச்சிட்டார். பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, தாம் தொகுத்த கிறிஸ்தவ நூல்வரிசையில் இந்தக் கத்தோலிக்கச் சகோதரரையும் சேர்த்துக்கொண்டார்.

இந்த வாரப் பயிற்சிக்கு, உங்களுக்கு அறவே பிடிக்காத ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் ஒரு ரிஜிஸ்டர் எழுதுவதாக இருக்கலாம், படுக்கையில் இருக்கும் மாமியாருக்குத் துணி மாற்றுவதாக இருக்கலாம். தொடங்கும் முன் ஒரு வரி, முடிந்தபின் ஒரு வரி ஆண்டவரிடம் பேசுங்கள். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே சொல்லுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் நிறுத்திப் பார்க்கும் இந்தப் பழக்கத்தைப் புனித இஞ்ஞாசியார் முழு நாளுக்குமாக எப்படி விரித்தார், இரவில் செய்யும் ஆன்ம ஆய்வு ஏன் நன்றியில் தொடங்குகிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)